கீழ்வீட்டுத் தண்ணீர்

ரொறன்ரோவில் குளிர் மண்ணுக்குள் நான்கு அடி வரை இறங்கும் என்று வைத்துத்தான் வீடு கட்டுகிறார்கள். அந்த ஆழம் வரைக்கும் மண்ணின் ஈரம் உறைந்து, பருத்து, மேலே இருப்பதைத் தூக்கிவிடும். ஆகவே அத்திவாரம் அதற்கும் கீழே போய் உட்காரவேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஒரு முழு அறைக்கு இடம் கிடைத்துவிடுகிறது. இந்த நகரத்தின் நிலவறைகள் அப்படி வந்தவை. மனிதர் படுத்துறங்க என்று யாரும் அவற்றைத் தோண்டவில்லை. முதலில் நிலக்கரி இருந்தது. பிறகு எண்ணெய்த் தாங்கி, சூடாக்கும் உலை, வெந்நீர்க் கொதிகலன், சலவை இயந்திரம். மனிதர் கடைசியாகத்தான் குடிவந்தார்கள். அவர்களில் நாங்கள் நிறையப் பேர்.

1983க்குப் பின் இலங்கையிலிருந்து வந்த தமிழர்களில் எத்தனையோ பேருக்கு ரொறன்ரோவின் ஸ்காபரோப் பகுதியில் ஏதாவதொரு பேஸ்மென்ற்தான் கனடாவில் முதல் விலாசம். யாழ்ப்பாணத்துக்காரருக்கு நிலத்துக்குக் கீழே வீடு என்பது பழக்கமில்லாத சங்கதி. அங்கே மண்ணைக் கொஞ்சம் கிண்டினால் சுண்ணாம்புக்கல். அதற்குள் கிணறு. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்கால் வழியாக வாழைக்கும் தென்னைக்கும் ஓடும். வீட்டில் பாவித்த தண்ணீர் எங்கே போகிறது என்பதை ஒரு சின்னப் பிள்ளைகூடக் கண்ணால் பார்த்து வளர்ந்தது. வாய்க்கால் அடைத்தால் மண்வெட்டியால் ஒரு வெட்டு, அவ்வளவுதான். இங்கே தண்ணீர் போகும் பாதை கொங்கிறீற்றுக்குக் கீழே இருக்கிறது. அதன் வாய் மட்டும் தரையில் ஒரு சாண் அகலத்தில், ஓட்டைபோட்ட வட்ட இரும்பு மூடியாகத் தெரியும். அதுதான் தரை வடிகால்.

வந்த புதிதில் நான் இருந்த நிலவறையில் அந்த மூடி என் கட்டிலின் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. மாரி தொடங்கி உலை இரவு பகலாக ஓட ஆரம்பித்ததும் அதிலிருந்து ஒரு நாற்றம் எழும்பும். அழுகிய முட்டையின் நாற்றம். மூடியின் மேல் பொலித்தீன் விரித்து, அதன்மேல் செங்கல் வைத்து, அதற்கும் மேல் ஒரு கம்பளத் துண்டைப் போட்டுப் படுத்தோம். வீட்டுக்காரரிடம் சொன்னால் அறையை விடச் சொல்லிவிடுவாரோ என்று சொல்லவில்லை. அந்த நாற்றத்துக்கு மருந்து ஒரு செம்புத் தண்ணீர் என்பது அப்போது அங்கே இருந்த எவருக்கும் தெரியாது.

வடிகாலின் மூடிக்குக் கீழே குழாய் நேராக இறங்குவதில்லை. ஒருமுறை வளைந்து மேலேறி அதன்பின்தான் ஓடுகிறது. அந்த வளைவில் ஒன்றரை இரண்டு அங்குல உயரத்துக்கு எப்போதும் தண்ணீர் நிற்கவேண்டும். ஊர் முழுவதன் கழிவும் ஓடும் குழாய்க்கும் நாம் மூச்சுவிடும் அறைக்கும் நடுவே இருக்கும் ஒரே தடுப்பு அந்த இரண்டு அங்குலத் தண்ணீர்தான். 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்பவர் இப்படி வளைந்த குழாய் வைத்த கழிப்பறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் தொழில் கடிகாரம் செய்வது. இரண்டரை நூற்றாண்டாகியும் அந்த வளைவை விஞ்சிய ஏற்பாடு வரவில்லை. அசையும் உறுப்பு அதில் ஒன்றும் கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆனால் காயும். சலவைத் தொட்டிக்கும் குளியலறைக்கும் கீழே இருக்கும் வளைவுகளுக்குத் தினமும் புதுத் தண்ணீர் கிடைக்கிறது. தரை வடிகாலுக்கு வெள்ளம் வந்தால்தான் வேலை. அதுவரை அது சும்மா கிடக்கிறது. மாரிக்கால உலை வீட்டின் காற்றை உலர்த்த உலர்த்த, அந்தத் தண்ணீரும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்விடுகிறது. பிறகு சாக்கடை வாயு தாராளமாக மேலே வரும். அதில் ஐதரசன் சல்பைட் இருக்கிறது. தலையிடி கொடுக்கும், கூடினால் ஆபத்து.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், எங்கள் வீட்டின் நிலவறையில் குழந்தையோடு ஒரு இளம் தம்பதி குடிவரப்போகிறார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஸ்காபரோவின் தோட்டநிலங்களை வெட்டி வரிசை வரிசையாகக் கட்டினார்களே, அந்த வகைத் தாழ்வான செங்கல் வீடு எங்களுடையது. எங்களுக்கு முன் இருந்தவர்கள் நிலவறையை அழகுபடுத்தியிருந்தார்கள். கூரையில் சின்னச் சின்ன விளக்குகள், குசினிக்குப் பளபளக்கும் கல்மேடை, தரை முழுக்க மரம்போல் தெரியும் பலகை. பலகையைக் கிளப்பிப் பார்த்தபோது பழைய வடிகாலின் வாயில் சீமெந்து பூசி அடைத்திருந்தது தெரிந்தது. சலவை இயந்திரத்தையும் கொதிகலனையும் வேறு மூலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மூலையில் தண்ணீர் போக வழியே இல்லை.

இது ஏதோ ஒரு வீட்டின் கதை என்று நான் நினைக்கவில்லை. வாடகைக்கு விடும் நிலவறைகளில் காசு எங்கே செலவாகிறது என்று பாருங்கள். படத்தில் தெரியும் இடங்களில். வடிகால் படத்தில் வடிவாக இருக்காது. அதன்மேல் தளபாடம் வைக்கமுடியாது. அதற்காகத் தரையைச் சரித்துக் கட்டினால் பலகை சீராக ஒட்டாது. அதனால் முதலில் மறைபவை தரையில் இருப்பவைதான். கொதிகலன் வெடித்து நாற்பது கலன் தண்ணீர் கொட்டினாலும், சலவை இயந்திரத்தின் இறப்பர்க் குழாய் கழன்றாலும், மேல்வீட்டுக்காரருக்குக் கால் நனையாது. கீழே படுத்திருப்பவரின் மெத்தையும் பிள்ளையின் புத்தகங்களும் குடிவரவுக் கடிதங்கள் அடுக்கிய காட்போட் பெட்டியும்தான் நனையும். ஒருவருக்கு நிலவறையை வாடகைக்கு விடுகிறவர் விளக்கு, கல்மேடை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்து முடிக்கவேண்டிய வேலை தரை வடிகால் என்பது என் உறுதியான எண்ணம். சமையலறை பிறகு வரலாம்.

புது வடிகால் போட வந்த பிளம்பர் வடமராட்சிப் பக்கத்து இளைஞர். அளவுநாடாவை வெளியே எடுக்கவில்லை. “முதல்ல ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாப்பம் அண்ணை” என்றார். வெறுங் கொங்கிறீற்றில் வாளியைச் சாய்த்தோம். தண்ணீர் முதலில் நாலு பக்கமும் பரவியது. பிறகு ஒரு விளிம்பு மட்டும் தயங்கித் தயங்கி நீண்டு, கொதிகலனைச் சுற்றிக்கொண்டு, சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி ஒரு இடத்தில் தேங்கி நின்றது. மட்டம் பார்க்கும் கருவி சொல்லாத ஒரு பள்ளத்தைத் தரை காட்டிக் கொடுத்தது. அவர் தேக்கத்தின் நடுவில் சோக்கட்டியால் ஒரு பெருக்கல் குறி போட்டார். ஈரம் அதை உடனே கரைத்துவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி போட்டார்.

இடம் அகப்பட்டால் போதாது. அங்கிருந்து வீட்டின் பிரதான கழிவுக் குழாய்க்குப் போய்ச் சேரவேண்டும், அதுவும் இறக்கத்தில். மூன்று அங்குலம் வரையான குழாய்க்கு ஐம்பதுக்கு ஒன்று என்பது ஒன்ராறியோவின் விதி. வேலைக்காரர் வாயில் அது அடிக்குக் கால் அங்குலம். பன்னிரண்டு அடி ஓடினால் மூன்று அங்குலம் இறங்கியிருக்கவேண்டும். பிரதான குழாயின் துப்புரவு மூடியைத் திறந்து, உள்ளே நாடாவை விட்டு, அது எவ்வளவு ஆழத்தில் ஓடுகிறது என்று பார்த்தார். அது ஆழம் குறைவாகப் போயிருந்தால் வடிகால் என்ற பேச்சுக்கே இடமில்லை, பம்ப் வைத்துத்தான் தூக்கவேண்டும். “கடைசியில இருந்துதான் கணக்குத் தொடங்கவேணும் அண்ணை. வாசல் எங்கயோ அங்க இருந்து பின்னால வரவேணும்” என்றார். இந்தக் கணக்கைப் போடாமல் முதலில் தரையை உடைப்பவர்கள் பலர். உடைத்த பிறகு இறக்கம் போதாதென்று தெரிந்து, குழாயை மட்டமாகவே கிடத்திக் கொங்கிறீற்றைப் போட்டு மூடிவிடுவார்கள். அது சில வருடங்கள் வேலை செய்வதுபோல் காட்டும்.

வெட்டும்போது வைரப் பல் வைத்த வட்டரம்பத்துக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். கொங்கிறீற்றின் தூசியில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியே வருவதில்லை. மூன்று நான்கு அங்குலத் தளம் துண்டு துண்டாக எழுந்தது. அடியில் கொஞ்சம் சரளைக்கல், அதற்கும் கீழே களிமண். சாம்பல் நீலத்தில், கொழுக்கட்டைக்குக் குழைத்த மாவின் இறுக்கத்தில் இருந்தது. ஸ்காபரோ புளஃப்ஸ் என்ற ஏரிக்கரைச் செங்குத்துச் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு இந்த மண் தெரியும். பனியுகத்தின் ஆறுகளும் ஏரிகளும் கொண்டுவந்து படியவைத்த களியும் மணலும். களி தண்ணீரை லேசில் உறிஞ்சாது. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் மழையை விழுங்கிக் கிணற்றுக்குக் கொடுப்பதுபோல் இந்த மண் செய்வதில்லை. அத்திவாரச் சுவரோடு மழைநீர் தேங்கி நிற்கிறது. வீட்டைச் சுற்றி அத்திவாரத்தின் அடியில் ஓட்டைக் குழாய் புதைத்து அந்த ஈரத்தை வாங்குவதற்கும் அதுதான் காரணம். எங்களுடையதைப் போன்ற வீடுகள் கட்டிய காலத்தில் அது சுட்ட களிமண் குழாய்.

கையால்தான் தோண்டினார்கள், அத்திவாரத்தின் அடியை நெருங்காமல். அதை நெருங்கித் தோண்டினால் வீடு நிற்கும் மண்ணே சரியும். பிளம்பரோடு வந்த பையன் பள்ளத்துக்குள் முழங்காலில் நின்றபடி களியை வாளியில் அள்ளி மேலே நீட்டிக்கொண்டிருந்தான். இந்த நகரத்தின் நிலத்தடி வேலையை எப்போதும் புதிதாக வந்து இறங்கியவர்களே செய்திருக்கிறார்கள். 1960 மார்ச் 17 அன்று ஹொக்ஸ் ஹொலோவில், டொன் ஆற்றுக்குக் கீழே குடிநீர்க் குழாய்க்கான சுரங்கத்தில் தீப்பிடித்து, இத்தாலியிலிருந்து குடியேறிய 5 தொழிலாளர் இறந்தார்கள். ஒன்ராறியோவின் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்கள் மாறியது அதற்குப் பிறகுதான். கொழும்பில் பிறந்த மைக்கேல் ஒண்டாஜி 1987இல் வெளியிட்ட ‘இன் த ஸ்கின் ஒஃப் எ லயன்’ நாவலில், ரொறன்ரோவின் குடிநீர் நிலையத்துக்காக ஏரிக்கு அடியில் சுரங்கம் தோண்டும் மனிதர்களை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஆணையிட்டவர்களின் பெயர் கட்டடத்தில் இருக்கிறது. தோண்டியவர்களின் பெயர் எங்கேயும் இல்லை என்பது அந்த நாவலின் தார்மீகக் கோபம். எனக்கு அது மிகவும் வேண்டிய புத்தகம்.

குழாய் கறுப்பு ஏபிஎஸ் பிளாஸ்டிக். பிரதான குழாயில் அதைச் செங்குத்தாகக் குத்துவதில்லை. ஓட்டத்தின் திசையில் சரிந்து சேரும் கவைத் துண்டு வைத்துத்தான் ஒட்டுவார்கள், எதிர்த்து மோதினால் அடைப்பு வரும். வளைவுக்குப் பக்கத்தில் காற்றுக் குழாயின் தொடர்பும் வேண்டும். அது இல்லாவிட்டால் மேலே ஒருவர் கழிப்பறைத் தண்ணீரைத் திறந்துவிடும்போது ஏற்படும் இழுவை, வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போய்விடும். வளைவு காயாமல் இருக்க, குளிர்நீர்க் குழாயிலிருந்து பென்சில் தடிப்பில் ஒரு சின்னக் குழாயைக் கொண்டுவந்து அதில் சேர்த்தார். வீட்டில் யாராவது தண்ணீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் குறையும்போதெல்லாம் அதில் கொஞ்சம் தண்ணீர் சொட்டி வளைவுக்குப் போகும். மேலே நாங்கள் தேநீருக்குக் கேத்தலை நிரப்பும்போது கீழே அவர்களுடைய வடிகால் நனைகிறது. இந்த ஏற்பாடு இல்லாத வீடுகளில் மாதம் ஒருமுறை ஒரு வாளி தண்ணீர் ஊற்றினால் போதும். நெடுநாள் வீடு பூட்டிக் கிடக்கும் என்றால் அதன்மேல் இரண்டு கரண்டி சமையல் எண்ணெய். எண்ணெய் மிதந்து ஆவியாவதைத் தடுக்கும்.

மூடுவதற்கு முன் நகரசபைப் பரிசோதகர் வந்தார். குழாயில் தண்ணீரை நிரப்பி, மட்டம் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வைத்தார். அனுமதி எடுக்காமல் ராவோடு ராவாக முடித்துத் தருகிறோம் என்று சொல்கிறவர்கள் எங்கள் ஆட்களிலும் இருக்கிறார்கள். செலவு குறையும் என்பது உண்மை. ஆனால் கொங்கிறீற்றின் கீழே போவதை ஒரே ஒருமுறைதான் அந்நியக் கண் பார்க்கமுடியும். அதையும் தவிர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்த வாயில் விழும் தண்ணீர் தெருவின் அடிக் குழாய் வழியாக ஹைலண்ட் கிறீக் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கு. எங்கள் குடிதண்ணீரும் அதே ஏரியிலிருந்துதான் வருகிறது. பாதை தெரிந்தவுடன் நான் மூடிக்குள் எதை ஊற்றுகிறேன் என்பதில் கவனம் வந்தது. பெயின்ற் கழுவிய தண்ணீரை இப்போது அங்கே கொட்ட மனம் ஒப்புவதில்லை.

இதுவரை வடிகாலை வெளியே போகும் வழி என்றே சொல்லிவந்தேன். அது உள்ளே வரும் வழியும்தான். 2005 ஓகஸ்ட் 19 அன்று பெய்த மழையில் பிளாக் கிறீக் பெருகி ஃபிஞ்ச் அவெனியூ வீதியையே ஓரிடத்தில் அரித்துக்கொண்டு போனது. 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் பதிவாயிற்று, அதில் பெரும்பகுதி இரண்டு மணித்தியாலத்தில். டொன் பள்ளத்தாக்கில் ரயில் ஒன்று ஆயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளோடு வெள்ளத்தில் நின்றது. 2024 ஜூலையில் மறுபடியும் அதே பள்ளத்தாக்கின் நெடுஞ்சாலை மூழ்கியது. படங்களில் வந்தது வீதிகளும் ரயிலும். படத்தில் வராதவை ஆயிரக்கணக்கான நிலவறைகள். அவற்றில் பலவற்றுக்குள் தண்ணீர் கதவால் வரவில்லை, தரை வடிகாலால் வந்தது. தெருவின் கழிவுக் குழாய் கொள்ளளவுக்கு மேல் நிரம்பினால், அதோடு இணைந்த எல்லா வீடுகளிலும் மிகத் தாழ்ந்த வாய் எதுவோ அதன் வழியாகக் கழிவு மேலே எழும்பும். நிலவறைதான் எப்போதும் மிகத் தாழ்ந்த இடம்.

அதைத் தடுக்க வீட்டின் பிரதான குழாயில் பேக்வாட்டர் வால்வு என்றொரு கதவைப் பொருத்துகிறார்கள். தண்ணீர் வெளியே போகும்போது திறந்திருக்கும், தெருவிலிருந்து திரும்பி வந்தால் மிதந்தெழுந்து தானே மூடிக்கொள்ளும். இதற்கும் நிலத்தடி நீரை இறைக்கும் சம்ப் பம்ப்புக்கும், வீட்டைச் சுற்றிய ஓட்டைக் குழாயைக் கழிவுக் குழாயிலிருந்து துண்டிப்பதற்கும் நகரசபை நீண்ட காலமாக வீடொன்றுக்கு 3,400 டொலர் வரை உதவிப்பணம் கொடுத்துவந்திருக்கிறது. கேட்டு வாங்காத எங்கள் ஆட்கள் ஏராளம். நாங்களும் வால்வு போட்டோம். போட்ட பிறகுதான் பிளம்பர் முக்கியமான விஷயத்தைச் சொன்னார். “மழை நேரம் இது பூட்டிக்கொண்டால் தெருத் தண்ணி உள்ள வராது, சரி. ஆனா உங்கட தண்ணியும் வெளிய போகாது. மேல ஒராள் குளிச்சா அது கீழ பிள்ளையின்ர கட்டிலுக்குப் பக்கத்தில வரும்.”

நான் இதைப் பலமுறை யோசித்துப் பார்த்தேன். கதவு மூடியிருக்கும் அந்த நேரத்துக்கு வீடு முழுவதும் ஒரே பாத்திரம். மேலே திறக்கும் ஒவ்வொரு குழாயும் கீழே தரையில் முடிகிறது. மேலே இருப்பவருக்கு எதுவும் தெரியாது. அவர் மழையை ஜன்னலால் ரசித்துக்கொண்டே கழிப்பறைத் தண்ணீரைத் திறந்துவிடலாம். எந்த இயந்திரத்தாலும் தீர்க்க முடியாத இடம் இது. இரண்டு தளத்திலும் இருப்பவர்கள் ஒருவரோடு ஒருவர் கதைத்தால்தான் தீரும். ஆகவே குடிவரும் தம்பதியோடு இருந்து பேசி ஒரு முறை வகுத்துக்கொண்டோம். கடும்மழை எச்சரிக்கை வந்தால் மேலே சலவையும் குளிப்பும் நிறுத்தம். வால்வின் மூடி கண்ணாடிபோலத் தெளிவானது, அதைப் பார்த்துக் கதவு திறந்துவிட்டது என்று கீழேயிருந்து தொலைபேசியில் சொல்லும்வரை மேலே ஒரு சொட்டும் திறக்கக்கூடாது. அந்தப் பெண் கொஞ்சம் கூச்சத்தோடு, “நாங்கள் எப்பிடி அண்ணை உங்களைக் குளிக்க வேண்டாமெண்டு சொல்லுறது?” என்றாள். சொல்லத்தான் வேணும் பிள்ளை என்றேன். வாடகை ஒப்பந்தத்திலும் அதை ஒரு வரியாக எழுதி இருவரும் கையெழுத்து வைத்தோம்.

வடிகாலும் வால்வும் செய்யக்கூடியதற்கு ஒரு எல்லை உண்டு. 2021 செப்டம்பர் 1 இரவு ஐடா புயலின் எச்சம் நியூயோர்க்கில் பெய்தபோது நிலவறைக் குடியிருப்புகளில் 11 பேர் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானோர் குவீன்ஸ் பகுதியில், பெரும்பாலானோர் குடியேறிகள். தெருவின் வெள்ளம் படிகளாலும் சுவராலும் பாய்ந்து வந்தது, கதவுகளைத் தண்ணீரின் பாரம் அழுத்திப் பிடித்துக்கொண்டது. அந்த இரவில் தரையில் ஒரு வடிகால் இருந்தென்ன, இல்லாமலென்ன. அவர்களுக்கு வேண்டியிருந்தது வெளியேற இன்னொரு வழி. எங்கள் நிலவறையின் படுக்கையறை ஜன்னல் ஒரு பிள்ளைகூட நுழைந்து வெளியேற முடியாத அகலம். அதைச் சுவரில் கீழ்நோக்கி வெட்டிப் பெரிதாக்கி, வெளியே மண்ணைத் தோண்டிக் கிணறுபோல் இடம் விட்டு, அந்தக் கிணற்றின் அடிக்கும் தனியாக ஒரு வடிகால் கொடுக்கவேண்டும். அதற்கான அனுமதிக்கு வரைபடம் கொடுத்தாகிவிட்டது. மண் இளகியதும் வெட்டுகிறோம். அதுவரை அந்த அறையில் சாமான்களை வைக்கட்டும், பிள்ளையைப் படிக்கட்டுக்குப் பக்கத்து அறையில் படுக்கவைக்கச் சொல்லியிருக்கிறேன்.